பழைய நூலும் இளைய செவியும்

கடந்த கோடை விடுமுறையில், மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஆலயத்திற்குப் பின்புறமுள்ள வேப்பமரத்தடியில் அமர்த்தி, அரைமணி நேரம் ஒரு நூலை வாசித்துக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கினேன். நான் தேர்ந்துகொண்ட நூல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழில் முதன்முதலாக வெளிவந்த புதினம் அது. அதை எழுதியவர் நம் திருச்சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். இவ்விரு பெருமைகளையும் மேடைகளில் நாம் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் நம் இல்லங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம் என்று கேட்டால், தலைகுனியத்தான் வேண்டியிருக்கும். நானும் குருமடத்தில் பயின்ற நாள்களில் அந்நூலின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவனேயன்றி, முழுமையாக வாசித்தவன் அல்லன்.

வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் நான் எடுத்துக்கொண்ட பணியின் கடினம் புரிந்தது. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியை ஒரு வேப்பமர நிழலில் தாண்டிவிட முடியுமா? முடியும் என்றே இன்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் கொடுக்க வேண்டியிருந்த விலை எதிர்பாராதது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நூலும் ஆசிரியரும்

வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றி, 1889-இல் மறைந்தவர். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர் எழுதிய இக்கதை 1879-இல் அச்சேறியது. பெண்கல்விக்காக அவர் எழுதிய 'பெண்மதி மாலை' 1869-இலேயே வெளிவந்துவிட்டது. அந்தப் பெண்மதியே உருவெடுத்து வந்தாற்போல இக்கதையில் ஞானாம்பாள் வருகிறாள். கதையின் தலைப்பு பிரதாபனுடையது. ஆனால் கதையைத் தாங்குபவள் அவளே.

கதையமைப்பைக் கொண்டு மட்டும் இந்நூலை எடைபோடுவோமானால் அது நிற்காது. நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை அல்ல. ஒரு கதைக்குள் மற்றொரு கதை, அதற்குள் ஒரு துணுக்கு, அதன் முடிவில் ஓர் அறவுரை என்று நூல் நகர்கிறது. அறவுரைகள் சில இடங்களில் என் ஞாயிறு மறையுரையைவிட நீளமானவை. அவற்றை வாசித்தபோது பிள்ளைகளின் கண்கள் வேப்பம்பழத்தின் மீதும் காக்கையின் மீதும் சென்றதை நான் கவனித்தேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்நூலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. அது திண்ணையில் அமர்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் குரல். வழக்காடு மன்றத்தில் பல ஆண்டுகள் மனிதர்களின் பொய்யையும் மெய்யையும் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவரின் நகைச்சுவை. தமிழ்நாட்டில், தமிழ் அறிந்த நீதிபதியின் முன்னால், தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை அவர் எள்ளி நகையாடும் பகுதியை வாசித்தபோது, ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் செய்யும் தவறுக்கு, அவனுடைய ஆசிரியரின் மகன் கனகசபை அடிபடும் இடத்தில், "அது எப்படி நியாயம்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பிறருக்காகத் துன்புறுதல் என்பதை விளக்க நான் பலமுறை முயன்றதுண்டு. அன்றுபோல் அவர்கள் அதைச் செவிமடுத்ததை நான் முன்பு கண்டதில்லை.

கடினச் சொற்கள்

பழைய நூலின் மொழி இளையோருக்குத் தடையாக நிற்கிறது என்று நாம் சொல்லும்போது, இருவகைத் தடைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஒன்று, பொருள் விளங்காத சொல். மற்றொன்று, பொருள் நன்றாகவே விளங்குகிற, ஆனால் இன்று காயப்படுத்துகிற சொல். இவ்விரண்டிற்கும் மருந்து ஒன்றன்று.

முதல்வகைத் தடை நாம் அஞ்சுகிற அளவுக்குப் பெரிதன்று. உபாத்தியாயர், விவாகம், பிரபு, துரைத்தனம், கியாதி முதலிய சொற்களுக்கு நான் அகராதி விளக்கம் தரவில்லை. வாசிக்கும்போதே பக்கத்தில் இன்றைய சொல்லை ஒரு மூச்சில் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை வரும்போது விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாம் முறை வரும்போது பிள்ளைகளே அச்சொல்லை வைத்து விளையாடத் தொடங்கினார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்த ஒருவனை, "பிரபு வருகிறார், வழிவிடுங்கள்" என்று வரவேற்றார்கள்.

இதில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று ஒரு தனி வசதியும் இருப்பதைக் கண்டேன். நம் பாட்டிமார் சர்வேசுரன், இஸ்பிரீத்து சாந்து, ஞானஸ்நானம், பூசை என்று சொல்லி வளர்ந்தவர்கள். நாம் கடவுள், தூய ஆவி, திருமுழுக்கு, திருப்பலி என்கிறோம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம் செவியின் பழக்கத்தையே மாற்றியது. ஆயினும் வீட்டு மூலையில் செபமாலை சொல்லும் பாட்டியின் வாயில் பழைய தமிழ் இன்னும் வாழ்கிறது. எங்கள் பிள்ளைகளுள் ஒருத்தி, வேதநாயகர் நூலில் ஒரு வடசொல் வந்தவுடனே, "இது எங்க ஆத்தா செபத்தில வரும்" என்றாள். அக்குழந்தைக்கு அந்த நூல் அந்நியமானதாக இல்லை. தன் பாட்டியின் பேச்சு அச்சில் வந்திருப்பதாகவே அவள் எண்ணினாள்.

ஆகவே, சொற்களின் கடினத்தைக் காரணமாகக் காட்டிப் பழைய நூல்களைச் சுருக்கி, எளிமையாக்கி, எலும்புக்கூடாகத் தரும் பதிப்புகளின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. அவை கதையை வைத்துக்கொண்டு குரலை எறிந்துவிடுகின்றன. இந்நூலைப் பொறுத்தமட்டில் கதைதான் வலுவற்றது, குரல்தான் செல்வம். நீண்ட அறவுரைகளைத் தாண்டிச் செல்லலாம். அதை நானும் செய்தேன். ஆனால் வாசிக்கும் பகுதியை அதன் சொந்தச் சொற்களிலேயே வாசிக்க வேண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் வேதநாயகரின் கதைமாந்தருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவர்கள். 1822-இல் இலண்டனில் அந்நூல் அச்சேறியது. குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கும் அந்த மூடர்களைக் கண்டு சிரிக்க எந்தக் குழந்தைக்கும் அகராதி வேண்டியதில்லை. எனினும் அச்சீடர்களுள் ஒருவனின் பெயர் மிலேச்சன். 'மிலேச்சன் என்றால் யார்?' என்று குழந்தை கேட்டால், சிரிப்பு சற்றே நின்றுவிடும். அங்கேதான் இரண்டாம்வகைத் தடை தொடங்குகிறது.

காயப்படுத்தும் சொல்

விக்கிரமபுரிக் காட்சியை நூலை அறிந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வழிதவறி அவ்வூர் வந்து சேர்ந்த பிரதாபன், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம், தைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுத்துவதாகச் சொல்கிறான். தைத்தவரோ கொடுத்த பணத்தை ஏற்காமல், தமக்குச் சந்தோஷம் வரவில்லை என்று வழக்குத் தொடுக்கிறார். ஆண்வேடத்தில் வந்து, யானை மாலையிட்டதால் அவ்வூருக்கு அரசனாகிவிட்ட ஞானாம்பாள், தான் பட்டத்துக்கு வந்தது அவருக்குச் சந்தோஷம்தானா என்று கேட்கிறாள். இல்லையென்று எவரால் சொல்ல முடியும்? சந்தோஷம் என்று அவர் சொன்னதும், வாக்களிக்கப்பட்ட சந்தோஷம் கிடைத்துவிட்டது என்று வழக்கு முடிகிறது. முன்சீப்பின் மூளை பளிச்சிடும் இடம் அது.

அத்தொழிலாளிக்கு நூலில் பெயர் இல்லை. சாதியின் பெயரே அவருடைய பெயர். அதுவும் இன்று எவரையும் நேரில் அப்படி அழைக்கக்கூடாத பெயர். முந்தின இரவு நான் அப்பகுதியை வாசித்து வைத்திருக்கவில்லை. சொல் கண்ணில் பட்ட அந்த நொடியில் நாவை அடக்கி, 'செருப்புத் தைப்பவர்' என்று மாற்றி வாசித்தேன். எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளுள் ஒருவனின் தாத்தா அத்தொழில் செய்து குடும்பத்தை வளர்த்தவர் என்பது எனக்குத் தெரியும். பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் இன்றைய பிள்ளைகளிடம் எதையும் ஒளிக்க முடியாது. மேல்வகுப்பு மாணவன் ஒருவன் இணையத்தில் கிடைக்கும் அந்நூலைத் தன் கைப்பேசியில் திறந்து வைத்து, நான் வாசிப்பதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாமி, புத்தகத்தில அப்படி இல்லையே!" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை. திருத்தவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். இரண்டு மூன்று தலைகள் அந்தக் கைப்பேசியின் மேல் கவிழ்ந்தன. அச்சொல்லை ஒருவன் முணுமுணுப்பாகப் படித்துவிட்டான். நான் யாரைக் காக்க நினைத்தேனோ அந்தச் சிறுவன் தரையைப் பார்த்தான்.

குருவாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாசக மேடையில் நின்று வாசித்தவன் நான். அன்றைய மௌனத்தைப் போன்ற ஒன்றை நான் சந்தித்ததில்லை. நூலை மூடினேன். "ஆம், நூலில் வேறு சொல் இருக்கிறது. அது ஒரு மனிதரின் பெயரன்று, அவரைத் தாழ்த்துவதற்காக மற்றவர்கள் அவர்மேல் சுமத்திய பெயர். அதை என் வாயால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே அது இல்லை என்று உங்களை நம்பவைக்க முயன்றது தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன்.

சிறிது நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனே வாய்திறந்தான். "செருப்பு தைச்சதுக்கு அவருக்குக் கூலி கிடைச்சுதா, சாமி?"

என்னிடம் விடை இல்லை. பணம் கொடுத்தும் அவரே மறுத்தார் என்று கதை சொல்வதைச் சொன்னேன். "கடைசியில?" என்று மீண்டும் கேட்டான். கடைசியில் சொல் நிறைவேறியது. உழைப்புக்கு என்ன ஆயிற்று என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. இந்த நூலைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகள் பல. ஞானாம்பாளின் தீர்ப்பு மதிநுட்பம் மிக்கது என்று அவை சொல்கின்றன. அது நீதியானதா என்று கேட்டவன் பத்து வயதுச் சிறுவன். கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளரின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியதைப் பற்றி நான் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆயினும் அக்காட்சியை வாசித்துச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

திருச்சபையின் வழி

அன்றிரவு இதைப் பற்றிச் சிந்தித்தபோது, என் உடன்குருக்கள் இருவரின் கருத்துகள் நினைவுக்கு வந்தன. ஒருவர், இத்தகைய நூல்களைக் குழந்தைகளுக்கு வாசிக்கவே கூடாது, நல்ல புதிய நூல்கள் இருக்கின்றன என்பவர். மற்றவர், இலக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது, உள்ளபடியே வாசித்துவிட வேண்டும் என்பவர். இருவரும் நல்லவர்கள். ஆனால் முன்னவர் கூறுவதை ஏற்றால் அந்தச் சிறுவனின் கேள்வி பிறந்திருக்காது. பின்னவர் கூறுவதை ஏற்றால், அக்கேள்வியைக் கேட்க அவன் அங்கே அமர்ந்திருக்கமாட்டான்.

இதே இக்கட்டு திருச்சபைக்கும் ஏற்பட்டதுண்டு. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து வழங்கிவந்த இழிவான அடைமொழி ஒன்றைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1959-இல் நீக்கினார். பல நூற்றாண்டுகள் சொல்லி வந்த சொல் அது. பழமையானது என்பதற்காக அவர் அதை விட்டுவைக்கவில்லை. ஏனெனில் மன்றாட்டு என்பது நாம் நம் பெயரால், நம் வாயால் இறைவனிடம் சொல்வது. அதில் வெறுப்பு இருந்தால் அது நம் வெறுப்பாகிவிடுகிறது.

திருநூலைப் பொறுத்தவரை திருச்சபை வேறுவகையில் நடந்துகொண்டது. பகைவரைச் சபிக்கும் திருப்பாடல்கள் விவிலியத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வரியையும் திருச்சபை அழிக்கவில்லை. ஆனால் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஏற்பளித்த திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் முழுமையாக விடப்பட்டன. வேறு சிலவற்றில் கடுமையான வரிகள் மட்டும் விடப்பட்டன. நூல் முழுமையாக இருக்கிறது. பொதுவில் கூடி உரைப்பதிலே தெரிவு இருக்கிறது. விட்டது விட்டதாக வெளிப்படையாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. விரும்புபவர் விவிலியத்தைத் திறந்து அவற்றை வாசிக்கலாம். அநீதி இழைக்கப்பட்டவனின் கதறல் அவற்றில் ஒலிப்பதையும் உணரலாம்.

இதுவே நமக்கு வழிகாட்டி என்று எண்ணுகிறேன். அச்சிட்ட நூல் ஒரு சாட்சி. அதைத் திருத்துவது சாட்சியைக் கலைப்பதாகும். வேதநாயகர் எழுதிய சொல்லை நீக்கிப் புதிய பதிப்பு ஒன்று போடுவோமானால், 1879-இல் ஒரு நல்ல மனிதர்கூட ஓர் உழைப்பாளியை எப்படி அழைத்தார் என்பதை நம் பேரப்பிள்ளைகள் அறியமாட்டார்கள். அறியாதபோது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்பவர்களை அவர்கள் எளிதில் நம்பிவிடுவார்கள். ஆனால் உரக்க வாசிப்பது வேறு. அங்கே நூலாசிரியரின் சொல் என் குரலில், எதிரே அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் செவியில் விழுகிறது. அக்குழந்தைக்கு அது வேதநாயகர் சொன்ன சொல்லாக இராது, பங்குச்சாமி சொன்ன சொல்லாகவே இருக்கும். ஆகவே அச்சொல்லை நான் சொல்லவேண்டியதில்லை. சொல்லாமல் விட்டேன் என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. அன்று நான் செய்த பிழை சொல்லை மாற்றியதில் இல்லை, மாற்றியதை மறைத்ததில் இருந்தது.

ஆசிரியரை எப்படி நோக்குவது?

இத்துடன் வேதநாயகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நீதிபதிகளாக அமர்ந்துவிடலாமா? 1876-78 பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த கை அவருடையது. பெண்கள் கற்கவேண்டும் என்று பலர் நினைக்கவும் துணியாத காலத்தில் எழுதிய கையும் அதுவே. அக்கையேதான் இக்காட்சியையும் எழுதியது. செருப்புத் தைப்பவரை இழிவுபடுத்த வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். அதுதான் நம்மைக் கலங்கவைக்க வேண்டியது. தீயவரின் கண்மறைப்பைக் காண்பது எளிது. இரக்கமுள்ள ஒருவரின் கண்மறைப்பைக் காணும்போதுதான் நம் கண்ணைப் பற்றிய ஐயம் எழுகிறது.

ஞானாம்பாளிடமும் இதே வரம்பு உண்டு. "ராஜாவா இருக்க அவங்க ஏன் ஆம்பளை வேஷம் போடணும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆசிரியர் ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தும் அளவுக்கு முன்னே சென்றார். பெண்ணாகவே அமர்த்தும் அளவுக்குச் செல்லவில்லை. மீதித் தொலைவை அந்தச் சிறுமிதான் நடக்கவேண்டும்.

வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன் அச்சுவரின் இருபுறமும் நின்று வழிபட்டவர்களும் பக்தியுள்ளவர்களே. இன்றும் நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழா வரிகளிலும் எத்தனை சுவர்கள் நிற்கின்றன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் எழுத்தையும் மறையுரையையும் ஒரு சிறுவன் கேட்டு, "இவர்கள் இதை எப்படிக் காணாமல் போனார்கள்?" என்று கேட்கக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பழைய நூல்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். பழைய நூலுக்கு உடனிருக்கும் ஒரு குரல் வேண்டும். முந்தின இரவே அப்பகுதியை நீங்கள் வாசித்துவிடுங்கள். அந்த எளிய கடமையில் நான் தவறியதாலேயே ஒரு சிறுவன் தலைகுனிய நேர்ந்தது. கடினச் சொல் வந்தால் பொருளைச் சேர்த்துச் சொல்லுங்கள். காயப்படுத்தும் சொல் வந்தால் நிறுத்துங்கள், விட்டதை விட்டேன் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கேட்கட்டும். அவர்களுடைய கேள்விக்கு உங்களிடம் விடை இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

மறுநாள் அந்தச் சிறுவன் வருவானா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற எல்லாரும் அமர்ந்த பிறகு வந்தான். அவனோடு அவன் தாத்தாவும் வந்திருந்தார். கதை கேட்க வந்ததாகச் சொன்னார். நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம் என்று பிள்ளைகளோடு அமரப் போனவரைக் கைப்பிடித்து நாற்காலியில் அமர்த்தினேன். அன்று நான் வாசிக்கவில்லை. முந்தின நாள் கைப்பேசியில் ஒத்துப் பார்த்த மாணவனிடம் நூலைக் கொடுத்தேன். அவன் வாசித்தான். அத்தொழிலாளி மீண்டும் குறிப்பிடப்பட்ட இடத்தில் சற்று நிறுத்தி, "இங்கே ஒரு சொல்லை விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தான்.